ஒரு முழம் தள்ளி

பிரமாதீச வருஷம், ஐப்பசி அடைமழை.
நாகலூர் மேட்டில் அளவு நின்று மூன்று நாள்.
பாறை இடுக்கில் கூடாரம்.
நூறு கண்ணிச் சங்கிலி என் மடியில்;
துருப்பிடித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்,
இலுப்பை எண்ணெய் தொட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

மெக்கில்வி துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
இடக்கையில் இரண்டு விரல் இல்லாதவன்,
சாமைக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிப்பவன்.
திடீரென்று பேசினான்.
கோனேரி ராயர் போர்வைக்குள் இருந்தபடியே
தமிழில் சொன்னார், பாதி கொட்டாவியோடு:

"அங்கேயும் ஒரு சங்கிலி இருந்தது என்கிறான்."

எங்கே?

"கடலுக்கு அந்தப் பக்கம். அதற்கும் அந்தப் பக்கம்."

இரோக்வா என்பது மற்றவர் இட்ட பேராம்.
(நாங்கள் காராளர்; கீழ்நாட்டாருக்கு மலையாளி.)
தங்களை அவர்கள் நீளவீட்டார் என்பார்களாம்,
ஆறு கூட்டம், ஒரே கூரை,
மூத்தவர் இன்னார் இளையவர் இன்னார் என்று முறை.
அவர்களுக்கும் இவனுடைய ராஜாவுக்கும் நடுவே
வெள்ளிச் சங்கிலி என்று ஒரு பேச்சு.
கண்ணுக்குத் தெரியாது. ஆனால்
அவ்வப்போது கூடி உட்கார்ந்து துலக்க வேண்டுமாம்.
பேசியதைச் சிப்பிமணியில் கோத்து வைப்பார்களாம்,
ஒரு சொல் உதிர்ந்தாலும் விரலுக்குத் தெரியும்.

பிறகு சண்டை.
வெள்ளைக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும்.
"அண்ணன் ஒரு பக்கம் போனான், தம்பி ஒரு பக்கம்" என்றார் ராயர்.
எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.
எங்களிலும் மூன்று பேர் காஞ்சியிலிருந்து வந்தோம்:
பெரியண்ணன் இந்த மலை, நடுவண்ணன் பச்சைமலை, சின்னண்ணன் கொல்லி.
எந்த ராஜா கேட்டால் நாங்கள் எதிரெதிரே நிற்போம்?
ராயரிடம் அதைக் கேட்கவில்லை.

துரை நீளவீட்டாரோடு சேர்ந்து இரவில் நடந்தவன்.
குடியானவர் களஞ்சியத்தில் தீ ஏறியதை
விரல்களை விரித்துக் காட்டினான்.
ஒரு தொட்டில் என்றான். மேலே சொல்லவில்லை.
மறுவருஷம் எதிரிப் பட்டாளம் வந்தது.
நாற்பது ஊர்.
ஆளுயரத் தானியத்தை வெட்டி வீட்டுக்குள் குவித்து
வீட்டோடு கொளுத்தினார்கள்.
தோலில் பூனைமயிர் உள்ள ஏதோ பழமாம்,
மரம் மரமாகப் பட்டையை உரித்துவிட்டுப் போனார்கள்.
அந்தக் குளிர்காலம்…
ராயருக்குச் சொல் அகப்படவில்லை.
"வானம் உப்பாகக் கொட்டியது" என்றார்.
கோட்டை மதிலோரம் ஜனங்கள் விறைத்துக் கிடந்தார்கள்.
துரையின் விரல்கள் அங்கேதான் தங்கிவிட்டன.

கடைசியில் ராஜிக் காகிதம்.
ஆறு கூட்டத்தின் பேர் அதில் ஒரு வரியிலும் இல்லை.
அவர்களில் ஒருத்தன் வந்து இவனைக் கேட்டானாம்:
எங்கள் காட்டை நீங்கள் எப்படிக் கொடுத்தீர்கள்?

ராயர் நிறுத்தினார்.
"இந்த மலையை யார் கொடுத்தது சாமி?" என்றேன்.
போன வருஷம் சீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தானதை
அவரே எனக்குச் சொல்லியிருந்தார்,
வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற குரலில்.
இப்போது போர்வையை இழுத்துக்கொண்டார்.
என் கேள்வி துரைக்குப் போகவேயில்லை.

நாலாம் நாள் வெறித்தது.
சேர்வராயன் குகைக்குக் கீழே கேழ்வரகுக் கொல்லைகள்.
சங்கிலித் தலைப்பை நான் இழுத்து ஓடினேன்.
முடிந்த இடத்தில் முளை அடிக்க வேண்டும்;
ஒரு முழம் தள்ளி அடித்தேன்.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.
ஏழாவது முளையில் துரை நேராகப் பார்த்துவிட்டான்,
கடைசிக் கண்ணியை, முளையை, என்னை.
பிறகு குனிந்து
எட்டு விரலால் பூட்ஸ் வாரைக் கட்ட ஆரம்பித்தான்,
ஏற்கெனவே கட்டியிருந்த வாரை.

சேலம் கச்சேரியில் இருக்கும் படத்தில்
எங்கள் மலை கொஞ்சம் சின்னது.
சங்கிலிக்கு ஒரு முழம்.
அந்த முழங்களில் இந்த வருஷம்
அவரையும் போட்டிருக்கிறோம்.